மல்டிபிளேயர் கேம்களில் புதியவர்கள் திட்டு வாங்காமல் ஆடுவது எப்படி?

"கூட ஆட நண்பர்கள் யாரும் இல்லை, தனியாகத்தான் ஆன்லைனில் இறங்கப் போகிறேன். புதுசு என்று தெரிந்தால் திட்டுவார்களாமே, தெரியாமல் எப்படிச் சமாளிப்பது? மைக் கட்டாயமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சமாளிக்காதீர்கள். நான் சமாளித்துப் பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

ஐந்து பேர் ஐந்து பேரோடு சுட்டு மோதும் கவுன்டர் ஸ்ட்ரைக்கில் என் முதல் போட்டி ஆட்டம். அதில் ஒவ்வொரு சுற்றிலும் கையில் இருக்கும் காசுக்குத் துப்பாக்கி வாங்க வேண்டும். முதல் சுற்றில் எல்லோருக்கும் 800 டாலர். கைத்துப்பாக்கியோடு ஏதோ கொஞ்சம் வாங்கலாம். ஏகே ரைஃபிள் வேண்டுமென்றால் 2700, பெரிய ஸ்நைப்பரான ஏடபிள்யூபி 4750. முதல் சுற்றில் தோற்றோம். உடனே சாட்டில் ஒருவர் "சேவ்" என்று போட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தெரிந்தவன் மாதிரி "ஓகே" என்று டைப் செய்துவிட்டு, இருந்த காசையெல்லாம் கொட்டி ஒரு துப்பாக்கி வாங்கினேன். மற்ற நால்வரும் எதுவும் வாங்காமல் காசைச் சேர்த்து வைத்தார்கள். அதுதான் சேவ்: ஒரு சுற்றை விட்டுக்கொடுத்து, அடுத்த சுற்றில் ஐந்து பேரும் நல்ல ஆயுதத்தோடு சேர்ந்து இறங்குவது.

அடுத்த சுற்று வந்தது. நாலு பேர் கையிலும் ஏகே, என்னிடம் ஆட்டம் இலவசமாகத் தரும் கைத்துப்பாக்கி. ஏதாவது உபயோகமாகச் செய்வோம் என்று 200 டாலருக்கு ஒரு ஃபிளாஷ், அதாவது கண்ணைக் குருடாக்கும் ஒளிக் குண்டு வாங்கி, எவரிடமும் சொல்லாமல் எறிந்தேன். அது சுவரில் பட்டுத் திரும்பி எங்கள் முகத்துக்கு நேரே வெடித்தது. திரை முழுக்க வெள்ளை. வெள்ளை விலகிப் பார்த்தால் எங்களில் நாலு பேர் செத்துக் கிடக்கிறோம்.

என்னை வெளியேற்ற ஓட்டெடுப்புப் பெட்டி திரையில் வந்துவிட்டது. அப்போதுதான் வாயைத் திறந்தேன்: "மன்னிச்சிடுங்க, இதுதான் எனக்கு முதல் ஆட்டம். சேவ்னா என்ன?" ஓட்டெடுப்பு தோற்றது. அதுவரை என்னைக் கிழித்துக்கொண்டிருந்தவர், "இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு இரண்டு வரியில் காசுக் கணக்கை விளக்கினார். அடுத்த சுற்றில் தன் காசில் ஒரு ஏகே வாங்கி என் காலடியில் போட்டார். அவருக்குக் கோபம் மூட்டியது என் ஆட்டம் இல்லை, அந்த "ஓகே"தான்.

முகம் தெரியாத நாலு பேர் தங்கள் முக்கால் மணி நேரத்தை உங்களை நம்பிப் போட்டிருக்கிறார்கள். கேம் உலகத்து மரியாதை என்று சொல்லப்படுவதெல்லாம் அந்த நேரத்தை வீணாக்காமல் இருப்பதில்தான் வந்து நிற்கும். ஆகவே ஆட்டம் தொடங்கும்போதே "நான் புதுசு, எங்கே நிற்கணும்னு சொல்லுங்க" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். சிலர் முனகுவார்கள். பெரும்பாலும் ஒருவராவது "என் பின்னாலேயே வா" என்பார். ஃபைனல் ஃபேன்டஸி 14 போன்ற கேமில் இந்த வேலையைக் கேமே செய்துவிடுகிறது: புதியவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முளைச்செடிப் படம் இருக்கும். குழுவில் அந்தச் சண்டையை முதல் தடவை ஆடுபவர் இருந்தால், ஏற்கெனவே முடித்தவர்களுக்குக் கூடுதல் பரிசும் உண்டு. புதியவர் வந்தால் பழையவர்கள் சந்தோஷப்படுகிற மாதிரி ஏற்பாடு. எல்லாக் கேமும் இப்படி இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அடுத்தது, ஆட்டத்தை நடுவில் விட்டுப் போவது. என்னைக் கேட்டால் இதுதான் மன்னிக்க முடியாத ஒரே தப்பு. எவ்வளவு மோசமாக ஆடினாலும் ஐந்துக்கு ஐந்து என்ற கணக்கு நிற்கும். நீங்கள் கிளம்பிவிட்டால் நாலு பேர் ஐந்து பேரோடு மல்லுக்கட்ட வேண்டும். டோட்டா 2 ஒரு ஆட்டம் முக்கால் மணி நேரத்துக்கு மேலும் சர்வசாதாரணமாக இழுக்கும். அதில் மொத்தமாக 5 நிமிடத்துக்கு மேல் தொடர்பு அறுந்திருந்தால் ஓடிப்போனதாகக் கணக்கு. அது தொடர்ந்தால் "லோ பிரயாரிட்டி" என்ற தனி வரிசையில் தள்ளிவிடுவார்கள். அங்கே உங்களோடு ஆட வருகிறவர்களும் அதே மாதிரி தண்டனை வாங்கியவர்கள்தான், அனுபவித்துப் பாருங்கள். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தாலோ, அரை மணியில் கிளம்ப வேண்டியிருந்தாலோ "ஃபைண்ட் மேட்ச்" பட்டனைத் தொடாதீர்கள். நெட் நிஜமாகவே போய்விட்டால் பயப்பட வேண்டாம், உடனே திரும்ப நுழைந்து "நெட் போயிடுச்சு" என்று சொன்னால் போதும். வைஃபையில் லேக் அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு கேபிள் இழுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிங், அதாவது நெட் தாமதம், எகிறினால் அடி வாங்குவது உங்கள் டீமும்தான்.

நேராக ரேங்க் ஆட்டத்துக்கு, அதாவது ஜெயித்தால் தரம் ஏறி, தோற்றால் இறங்கும் ஆட்டத்துக்குப் போகாதீர்கள். பல கேம்கள் விடவே விடாது. வேலரன்ட்டில் அக்கவுன்ட் லெவல் 20 வர வேண்டும், லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் 30. அதுவரை பாட்களோடு (கம்ப்யூட்டரே ஆட்டுவிக்கும் ஆட்களோடு) ஆடுங்கள், சாதா ஆட்டம் ஆடுங்கள், ஒரே கேரக்டரை எடுத்துப் பழகுங்கள். ஆட்டத்துக்கு ஒரு கேரக்டராக மாற்றிக்கொண்டிருந்தால் ஒன்றும் கைக்கு வராது.

இப்போது திட்டு விஷயம். என்னதான் ஒழுங்காக இருந்தாலும் சிலர் திட்டத்தான் செய்வார்கள். அப்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். யாரோடு யாரை ஆட விடுவது என்று கேம் போடும் மேட்ச்மேக்கிங் கணக்குக்கு மூலம் சதுரங்கத்துக்காக ஆர்பாட் ஈலோ உருவாக்கிய தரவரிசை முறை. உலக சதுரங்கக் கூட்டமைப்பு 1970ல் அதை ஏற்றுக்கொண்டது. ஏறக்குறைய ஒரே திறமை உள்ளவர்களைத் தேடிப்பிடித்து மோத விடுவதுதான் மேட்ச்மேக்கிங்கின் வேலை. ஆக, "நூப், கேமை டெலீட் பண்ணு" என்று கத்துகிறவரும் உங்கள் படியில்தான் உட்கார்ந்திருக்கிறார். (அவர் ஸ்மர்ஃபாக, அதாவது வேறு அக்கவுன்டில் ஒளிந்து ஆடும் பெரிய ஆளாக இருந்தால் கதை வேறு. ஆனால் அவருக்கு உங்களைத் திட்ட இன்னும் குறைவான யோக்கியதைதான்.) பதிலுக்குப் பதில் டைப் செய்யாதீர்கள். கை கீபோர்டில் இருக்கும் அந்த நாலு விநாடியில்தான் எதிரி வருவான், எனக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறான். மியூட் போடுங்கள், எல்லை மீறினால் ஆட்டம் முடிந்ததும் ரிப்போர்ட் கொடுங்கள். ஆனால் திட்டுக்கு நடுவே "மேப்பைப் பாருடா" என்று ஒரு உருப்படியான வார்த்தை இருந்தால் அதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் "ஜிஜி" போடுவது வழக்கம், நல்ல ஆட்டம் என்று அர்த்தம். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1998ல் வந்த ஸ்டார்கிராஃப்ட் ஆடியவர்களிடையே தோற்பவர்தான் முதலில் ஜிஜி சொல்வார்; தோல்வியை ஒப்புக்கொண்டு கைகுலுக்குகிற மாதிரி. ஜெயிக்கிறவர் முந்திக்கொண்டு சொன்னால் திமிர். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆட்டம் முடிந்த பிறகு சொன்னால் சரி. "ஜிஜி ஈஸி" மட்டும் வேண்டாம். ஓவர்வாட்ச்சில் அப்படி டைப் செய்தால் அந்த வரிக்குப் பதிலாக, "எனக்குத் தூங்குகிற நேரம் தாண்டிவிட்டது, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்கிற ரகத்தில் ஏதாவது ஒரு அசட்டு வாக்கியம் உங்கள் பெயரிலேயே போய் விழும். கேம் கம்பெனி செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அது.

சில்லறை விஷயங்கள்: உங்கள் கேரக்டருக்கு உதவாத பொருளை அள்ளாதீர்கள், தேவைப்படுகிறவர் பக்கத்திலேயே நிற்பார். டேங்க், அதாவது முன்னால் நின்று அடி தாங்கும் கேரக்டர், ஆடுகிறவருக்கு முன்னால் ஓடிப்போய்ச் சண்டையை இழுக்காதீர்கள். கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் அமங் அஸ்ஸில் செத்த பிறகு வாயைத் திறக்காதீர்கள். "இலவச ஸ்கின்" (கேரக்டருக்கோ துப்பாக்கிக்கோ போடும் அலங்காரத் தோற்றம்) என்று முன்பின் தெரியாதவர் அனுப்பும் லிங்கைத் தொடாதீர்கள்.

கடைசியாக மைக். இருந்தால் நல்லது, ஆனால் பட்டனை அழுத்தினால் மட்டும் பேசுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு டிவியும் ஃபேனும் நாலு பேர் காதில் ஓட வேண்டியதில்லை. பேசும்போது எங்கே, எத்தனை பேர் என்ற இரண்டும் போதும். "ஏ லாங்ல ரெண்டு, ஒருத்தன் லோ." அவ்வளவுதான். (ஏ லாங் மேப்பில் ஒரு இடம்; லோ என்றால் அவனுக்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சம்.) "ஐயோ, அங்கே பாருங்க, அந்த டப்பா பக்கத்துல" என்று நீங்கள் முடிப்பதற்குள் அவன் சுட்டுவிட்டுப் போயிருப்பான். நீங்கள் செத்து, டீமில் ஒரே ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தால் மொத்தமாக அமைதி. அவர் எதிரியின் காலடிச் சத்தத்தை வைத்து ஆடிக்கொண்டிருப்பார்.

மைக் இல்லாமலும் தாராளமாக ஆடலாம். 2019ல் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் ஒரு பட்டனை வைத்தே "எதிரி இங்கே", "இந்தப் பொருள் இங்கே கிடக்கு", "அங்கே போவோம்" என்று எல்லாவற்றையும் காட்டிவிடலாம். இடத்தைக் குறி வைத்து அழுத்தினால் உங்கள் கேரக்டரே குரல் கொடுத்து டீமுக்குச் சொல்லிவிடும். அது பெரிய ஹிட்டான பிறகு வேறு பல கேம்களும் அதே மாதிரி வைத்துக்கொண்டன. பேசக் கூச்சமாக இருந்தால் முதல் வாரம் அந்த மாதிரி ஒரு கேமில் ஆரம்பியுங்கள். ஒன்று மட்டும், ஒரு தடவை குறி காட்டினால் போதும். "எதிரி, எதிரி, எதிரி" என்று பட்டனைக் குத்திக்கொண்டே இருந்தால் மைக்கே இல்லாமலும் மியூட் ஆகிவிடுவீர்கள்.