கல்லூரி விளையாட்டுக்கு ஒருவர் கோடிக்கணக்கில் நன்கொடை கொடுத்தால் அதில் என்ன தவறு? உள்ளூர் பத்திரிகை கேள்வி கேட்காதா?

கொடுப்பது தவறில்லை. கொடுத்த பணம் யார் பிடியில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் நடந்ததைப் பாருங்கள். எண்ணெய்த் தொழிலதிபர் பூன் பிக்கன்ஸ், 2005 டிசம்பர் கடைசியில், தான் படித்த ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக்கு 16.5 கோடி டாலர் கொடுத்தார். சில மணி நேரம்கூட ஆகவில்லை, அந்தப் பணம் அவரே நடத்திய முதலீட்டு நிதிக்குள் போய்விட்டது. கத்ரீனா புயலையொட்டி வந்த சட்டத்தால் அந்த ஆண்டு நன்கொடைக்கு வரிச்சலுகையும் அதிகம். சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். கொடுத்தவரே அதை நிர்வகிப்பதை எப்படி முழு நன்கொடை என்று சொல்வது? 2008 சந்தைச் சரிவில் அந்த முதலீடு பெரும் நஷ்டம் கண்டது. அடி வாங்கியது பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் திட்டங்கள்.

சரி, பத்திரிகைக்கு வருவோம். அந்த மாநிலத்தின் பெரிய நாளிதழ் 'தி ஒக்லஹோமன்', 2011 வரை கேலார்ட் குடும்பத்தின் கையில் இருந்தது. போட்டிப் பல்கலைக்கழகமான ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தின் பெயரிலேயே அந்தக் குடும்பம் இருக்கிறது. அங்குள்ள இதழியல் கல்லூரிக்கும் அவர்கள் பெயர்தான்! நிருபர் எவ்வளவு நேர்மையாக எழுதினாலும், இரண்டு பல்கலைக்கழகங்களில் எதைப் பற்றி எழுதினாலும், வாசகருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். முதலாளிக்கும் மைதானத்துக்கும் உள்ள உறவை அந்தந்தச் செய்தியிலேயே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.