நிலத்தை அடமானம் வைத்து கம்ப்யூட்டர் சயின்ஸா?

பேரணாம்பட்டிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், கட்-ஆஃப் சுமார்தான். பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் தாய்மாமன், "கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் நான் பேசி முடிக்கிறேன்" என்கிறாராம். கணவர் ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். அரை ஏக்கர் நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று யோசனை. பையன் வாயே திறப்பதில்லை. ராத்திரியெல்லாம் பழைய லேப்டாப்பில் ஷூ படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம்.

அம்மா, கவலைப்படாதீர்கள் என்று இரண்டு வரி எழுதி முடித்துவிடலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. நிலத்தில் கை வைக்காதீர்கள்.

உங்கள் தம்பி 'பேசி முடிப்பது' நன்கொடையாக இருந்தால், அதைத் தடுக்க தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தப் பணத்துக்கு ரசீது கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது. அதை விட்டுவிட்டு, கட்டணம், விடுதி என்று ஆண்டுக்கு 2.5 லட்சம் வீதம் 10 லட்சம் கல்விக் கடன் வாங்குவதாகவே வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம் என்றால், படிக்கும் 4 ஆண்டிலும் அடுத்த 1 ஆண்டு அவகாசத்திலும் தனிவட்டி மட்டுமே 3.5 லட்சம் ஏறும். மொத்தம் 13.5 லட்சத்தை 10 ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 17,800 ரூபாய். பிடிக்காத பாடத்தில் அரியர் வைத்துக்கொண்டு வெளியே வரும் பையன் தலையில் இதை ஏற்றுவதா?

பி.சி.ஏ., பாலிடெக்னிக் பற்றியெல்லாம் உங்களுக்குச் சொல்ல உறவில் பத்துப் பேர் இருப்பார்கள். நீங்கள் அனுப்பிய படங்களுக்கு வருகிறேன்.

அவன் பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளில் செய்திருக்கும் அந்தப் பழுப்பு நிற ஷூவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சோலின் அடிப்பக்கம் தரையைப் பிடிக்கும் வரிகளை முன்னங்காலுக்கு ஒரு விதமாகவும் குதிகாலுக்கு வேறு விதமாகவும் போட்டிருக்கிறான். யாரும் சொல்லித்தராமல் இது வந்திருக்கிறது என்றால் கவனிக்க வேண்டிய விஷயம். ஒரு தப்பும் இருக்கிறது: அப்பரின் (ஷூவின் மேல்பாகம்) ஓரத்தில் மடிப்புக்கும், கீழே அச்சின் மேல் இழுத்து ஒட்டும் லாஸ்டிங்குக்கும் தோல் விடவே இல்லை. அதைச் சொல்லித்தர உங்கள் வீட்டுக்காரரைவிடப் பொருத்தமான வாத்தியார் கிடையாது.

இந்த வேலைக்குத் தொழிலில் பிராடக்ட் டெவலப்மென்ட் என்று பெயர். பையர், அதாவது ஷூ வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு ஸ்கெட்ச் வரும். லாஸ்ட் என்கிற கால் அச்சு மேல் டேப் ஒட்டி, கோடு வரைந்து, பிரித்துத் தட்டையாக்கி பேட்டர்ன் (தோலை வெட்டுவதற்கான வடிவம்) எடுப்பது பழைய முறை. இப்போது லாஸ்டை ஸ்கேன் செய்து, திரையிலேயே கோடு போட்டு, ஷூமாஸ்டர், கிறிஸ்பின் மாதிரி மென்பொருளில் விரித்துவிடுகிறார்கள். ஒரு சைஸில் சாம்பிள் தேறியதும் மற்ற சைஸ்களுக்கு கிரேடிங், அதாவது அதே வடிவத்தைப் பெரிதாக்குவது, சிறிதாக்குவது. ஐரோப்பிய அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் நீளத்தில் 6.67 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதில் பிசகினால் தோல் வெட்டச் செய்த டை (வெட்டு அச்சு) அத்தனையும் வீண். பிறகு தோலில் தழும்பு, துளையை ஒதுக்கி துண்டுகளை அடுக்கி, ஒரு ஜோடிக்கு எத்தனை சதுர அடி, என்ன விலை என்று கணக்குப் போட வேண்டும். சில சாம்பிள்களுக்குப் பதில் 3டி படத்தையே பையருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குவதும் உண்டு. மென்பொருள், படம், பொருள் மூன்றும் ஒரே மேசையில். உங்கள் தம்பி சொல்கிற கம்ப்யூட்டர் இங்கேயும்தான் இருக்கிறது.

படிக்க இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் எஃப்.டி.டி.ஐ. என்கிற காலணி வடிவமைப்பு நிறுவனத்தின் வளாகம். 2017 சட்டப்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். காலணி வடிவமைப்பில் 4 ஆண்டு பி.டெஸ். பட்டப்படிப்பு, நுழைவுத் தேர்வின் பெயர் ஏ.ஐ.எஸ்.டி. ஆனால் அங்கும் கட்டணம் லேசு இல்லை. கடன் இல்லாமல் முடியாது என்றால் அதையும் இப்போதைக்குத் தள்ளுங்கள். கிண்டியில் மத்திய சிறுதொழில் அமைச்சகத்தின் கீழ் சி.எஃப்.டி.ஐ. என்கிற காலணிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. டிப்ளமோவும் குறுகிய காலப் பயிற்சிகளும் உண்டு. உங்கள் வீட்டு நிலைக்கு நான் முதலில் விசாரிக்கச் சொல்வது அதைத்தான். அண்ணா பல்கலையில் லெதர் டெக்னாலஜி வேறு. அதில் தோல் பதனிடும் வேதியியல்தான் அதிகம், இவனுக்கு ஒத்துவராது.

"நான் பட்டது போதும், அவனாவது தோல் வாசம் இல்லாமல் இருக்கட்டும்" என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாலாற்றங்கரையில் வாழும் யாருக்கும் அந்தக் கசப்பு புரியும். ஆனால் சாம்பிள் ரூமும் தோல் பதனிடும் டேனரியும் ஒன்றல்ல என்பது அவருக்கே தெரியும். இப்போது தோலே இல்லாத ஷூவுக்கும் இங்கே ஆலை வருகிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மறைக்காமல் சொல்கிறேன்: தொடக்கச் சம்பளம் குறைவு. ஏற்றுமதித் தொழில் என்பதால், 2025-இல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதுபோல எங்கோ எடுக்கும் முடிவில் ஆம்பூர் ஆடிப்போகும். கடனில்லாமல் படித்தவன் அதைச் சமாளிப்பான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் மகனும் ஒரு பழைய லாஸ்டை வைத்து டேப் ஒட்டி பேட்டர்ன் எடுக்கட்டும். பையன் சலித்துப்போனால் எனக்கு எழுதுங்கள், வேறு பார்ப்போம். தம்பி உதவியே தீருவேன் என்றால், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் ஒன்று வாங்கித்தரச் சொல்லுங்கள்.