காரைக்குடி பழம்பொருள் தெரு: போகுமுன் கேட்டவை

கேள்வி: புது வீடு கட்டுகிறோம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தூண், கதவு, கொஞ்சம் பாத்திரம் வாங்க ஆசை. ஒரே நாளில் முடியுமா? என்ன கொண்டுபோக வேண்டும்? (கோவை வாசகி)

பதில்: பாத்திரம், படம், பொம்மை என்றால் ஒரு நாள் தாராளம். தூண், கதவு என்றால் இரண்டு நாள் வையுங்கள். முதல் நாள் எதையும் வாங்காமல் தெரு முழுக்கப் பாருங்கள். ஒரே மாதிரித் தூக்குவாளிக்கு மூன்று கடையில் மூன்று விலை கேட்ட பிறகுதான் பேரம் பேச வாய் வரும். பெரிய மரச்சாமான்கள் முன்கடையில் இருப்பது குறைவு. பின்கட்டிலோ கிடங்கிலோ அடுக்கியிருப்பார்கள், "இன்னும் இருக்கா?" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பையில் அளவு நாடா, டார்ச், சின்னக் காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், துடைக்க ஒரு பழந்துணி. இவற்றைவிட முக்கியம், வீட்டில் எடுத்த அளவுகள். தூண் நிற்கும் இடத்தில் தரையிலிருந்து உத்தரம் வரை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அதில் மேலே போதிகையும் (தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கட்டை) கீழே கல் பீடமும் அடங்க வேண்டும். இதை மறந்து தூணை மட்டும் அளந்து வாங்கிவிட்டு, கடைசியில் தூணையே அறுப்பவர்கள்தான் அதிகம். 8 அடி உயரம், 8 அங்குல விட்டமுள்ள தேக்குத் தூண் ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். கனத்தைச் சமாளித்துவிடலாம், மாடிப்படித் திருப்பத்தில் நீளம்தான் இடிக்கும்.

கதவை நிலையோடு வாங்குங்கள். பழைய கதவுகள் பலவற்றில் கீல் கிடையாது. மேலும் கீழும் நீட்டியிருக்கும் குடுமிதான் நிலையின் குழிக்குள் சுழலும். நிலை இல்லாமல் கதவை மட்டும் வாங்கினால் குடுமியை அறுத்துவிட்டுக் கீல் வைக்க வேண்டியதுதான். அதன்பின் அதில் என்ன பழமை?

மரத்தில் ஓட்டை இருப்பதாலேயே ஒதுக்க வேண்டாம். வண்டு எப்போதோ தின்றுவிட்டுப் போன துளையாக இருக்கலாம். தட்டியதும் வெளிறிய புது மாவு கொட்டினால் உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வண்டுக்குத் தேக்கின் வைரம் (நடுவில் முற்றிய மரம்) அவ்வளவாகப் பிடிக்காது, ஓரத்து வெளிர்மரம்தான் பிடிக்கும். டார்ச்சை அங்கே அடியுங்கள். தடிமனாகப் பெயின்ட் அடித்த தூண் என்றால் அடிப்பக்கத்தை லேசாகச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மக்கு (ஓட்டை அடைக்கும் பசை) வைத்து அடைத்த இடங்கள் அந்தப் பெயின்டுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

கேள்வி: பித்தளைக் குத்துவிளக்கு பழசுதானா என்று காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியுமா? (திருச்சி வாசகர்)

பதில்: தெரியாது. உள்ளே இரும்பு இருந்தால் காந்தம் ஒட்டும், அவ்வளவுதான். நேற்று வார்த்த சுத்தப் பித்தளையிலும் ஒட்டாது. விளக்கைத் துண்டு துண்டாகக் கழற்றச் சொல்லுங்கள். கையால் வெட்டிய மரை (துண்டுகளை இணைக்கும் திருகுப் புரி) கொஞ்சம் கோணலாக, இடைவெளி சீராக இல்லாமல் இருக்கும். லேத்தில் கடைந்தது அச்சடித்தாற்போல் ஒரே சீராக இருக்கும். அடுத்து, தேய்மானம் எங்கே என்று பாருங்கள். கை பட்டுத் தூக்கும் தண்டு வழவழவென்றும், திரி வைக்கும் மூக்கு மழுங்கியும், மடிப்புகளுக்குள் கறுப்பு தங்கியும் இருந்தால் அது புழங்கிய விளக்கு. மேடு பள்ளம் எல்லாம் ஒரே கறுப்பு என்றால் ரசாயனம் ஊற்றிக் கிழவியாக்கிய குமரி. நல்லது கிடைத்தால் வீட்டுக்கு வந்ததும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

கேள்வி: எனாமல் தட்டு, ரவிவர்மா படம் இரண்டிலும் ஏமாறாமல் இருக்க? (சென்னை வாசகி)

பதில்: எனாமலைக் கவிழ்த்து முத்திரையைப் பாருங்கள். செக்கோஸ்லோவாகியா என்று இருந்தால் அது 1918-க்கும் 1992-க்கும் இடைப்பட்டது, அந்த நாடு இருந்ததே அவ்வளவு காலம்தான். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952-க்குள். விளிம்பு உதிர்ந்தால் அழகுக்கு வைக்கலாம். உட்புறம் உதிர்ந்ததில் சாப்பாடு வேண்டாம், பழைய சிவப்பு, மஞ்சள் பூச்சுகளில் காட்மியமும் ஈயமும் இருக்கக்கூடும்.

படத்துக்கு லென்ஸ். ரவிவர்மா அச்சகம் 1894-ல் பம்பாயில் தொடங்கியது; அவை கல்லில் வரைந்து அச்சிட்ட கல்லச்சுப் படங்கள். லென்ஸில் முகத்தைப் பார்த்தால் புள்ளிகள் கையால் வைத்ததுபோல் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். நான்கு நிறப் புள்ளிகள் வரிசை பிசகாமல் பூப்போல் சேர்ந்திருந்தால் அது இன்றைய ஆஃப்செட் நகல். சட்டம் பழசாக இருப்பதை நம்பாதீர்கள். பழைய சட்டத்துக்குள் புதுப்படம் வைப்பது இரண்டு நிமிட வேலை.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு ஒரு தூணும் சின்ன வெண்கலச் சிலையும் அனுப்பலாமா? (மதுரை வாசகர்)

பதில்: அவசரப்படாதீர்கள். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சுவடிகளுக்கு 75 ஆண்டுதான். செட்டிநாட்டு வீடுகளில் நூறு வயது கடந்தவை ஏராளம், ஆகவே தூணும் இதில் மாட்டலாம். நூறு ஆகவில்லை என்றால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி அதோடு அனுப்புங்கள். நூறு கடந்த சிலையை உள்நாட்டில் வைத்திருக்கவும் பதிவு வேண்டும். பதிவுத்தாளைக் காட்டாத கடையில் சிலை வாங்காதீர்கள். கோயிலிலிருந்து வந்தது என்று தெரிந்தால் கையே வைக்காதீர்கள். தந்தச் சாமானும் அப்படியே, அது வனவிலங்குச் சட்டத்தில் வரும்.

கேள்வி: நிலைக்கண்ணாடியை லாரியில் அனுப்பலாமா? (சேலம் வாசகி)

பதில்: படுக்க வைக்காமல் நிற்க வைத்து அனுப்பினால் போகும். படுக்கவைத்த கண்ணாடி தன் கனத்திலேயே நடுவில் தொய்ந்து, ஒரு குழியில் வண்டி குலுங்கினால் விரிசல் விட்டுவிடும். முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி, போர்வை சுற்றி, நான்கு பக்கமும் பலகைக் கூண்டு அடிக்கச் சொல்லுங்கள். கூண்டு அடிப்பதற்குமுன் பின்பக்கம் உட்பட போட்டோ எடுத்து, பில்லில் நீள அகலத்தையும் முன்பே இருந்த கீறல்களையும் எழுதி வாங்குங்கள். கூண்டுக்கூலி யார் தருவது என்பதை விலை பேசும்போதே முடித்துவிடுங்கள், பணம் கைமாறிய பிறகு அல்ல.