பேருந்தில் பசையால் ஒட்டிய வெளித்தகடுகள் ஏன் விட்டுப்போகின்றன?

வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் தடத்தில் ஓடும் சுற்றுலாப் பேருந்தின் அலுமினியப் பக்கத் தகடு ஓரம் விட்டுத் தொங்குகிறது, பசை மட்டமானதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் குற்றம் பசையில் இல்லை. அது பற்றியிருந்த பரப்பில் இருக்கிறது.

கழன்ற தகட்டின் பின்புறத்தை முதலில் பாருங்கள். பசை நடுவே கிழிந்து இருபக்கமும் ஒட்டியிருந்தால், அது தாங்க முடியாத இழுவையைச் சந்தித்திருக்கிறது. ஒருபக்கம் முழுதாக உரிந்து அதன்மேல் துரு படிந்திருந்தால், தகடு ஒட்டியிருந்த எஃகுச் சட்டமே அரிக்கப்பட்டிருக்கிறது. உப்புக் காற்று வீசும் கடலோரத்தில் இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்: ஜன்னல் ரப்பர் வழியே கசியும் நீர் சட்டத்தில் தங்கி, பெயின்டுக்கு அடியில் துருவைப் பரப்ப, பசை துருவைப் பிடித்தபடியே கழன்று வருகிறது.

இழுவைக்கு முக்கியக் காரணம் வெப்பம். ஒரு மீட்டர் அலுமினியம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.023 மி.மீ. நீள்கிறது, எஃகு அதில் பாதியளவே நீள்கிறது. 6 மீட்டர்த் தகடும் சட்டமும் 40 டிகிரி சூடேறினால் வேறுபாடு 2.5 மி.மீ.யைத் தாண்டும். பசைப்படலம் 3 மி.மீ. தடிமனாவது இருந்தால் வளைந்து கொடுக்கும். அழுத்திப் பிதுக்கி மெல்லிசாக்கிவிட்டால் கிழியும்.

இத்தகடுகளை ஒட்டும் பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. ஐப்பசி, கார்த்திகையில் அது விரைவிலேயே மேல்தோல் கட்டிவிடும்; அதன்பின் வைத்த தகடு ஒட்டியதுபோல் தோன்றுமே தவிர, பற்றாது.

தயவுசெய்து ஓரத்தில் சிலிக்கான் பூசி அப்படியே வண்டியை ஓட்டிவிடாதீர்கள். நீர் உள்ளேயே அடைபடும். கசிவை அடைத்து, தகட்டை முழுதாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, பசைக்குரிய பிரைமர் (பசை பிடிக்க முதலில் பூசும் அடிப்பூச்சு) பூசி, அது காய்ந்தபின் ஒட்டி, இறுகும்வரை வண்டியை நகர்த்தாமல் நிறுத்துங்கள்.