வாசகர் கேள்வி: புரிந்துகொள்வதை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: பாலிடெக்னிக்கில் சர்வே (நில அளவை) பாடம் நடத்துகிறேன். அங்கீகாரக் குழு வரப்போவதால், பாடத்தின் கற்றல் இலக்குகளை எழுதித் தரச் சொன்னார்கள். இடங்களின் உயர வேறுபாட்டை அளக்கும் பகுதிக்கு, 'மாணவர் லெவலிங்கைப் புரிந்துகொள்வார்' என்று எழுதினேன். தெளிவாக இல்லை என்று திருப்பிவிட்டார்கள். இதில் என்ன தெளிவில்லை?
— விரிவுரையாளர், நாமக்கல்

பதில்: 'புரிந்துகொள்வார்' என்பதுதான். புரிந்ததா என்று கேட்டால் வகுப்பே தலையாட்டும். அதற்கு மார்க் போட முடியுமா?

நானும் வருடக்கணக்கில் அதே வரியைத்தான் எழுதினேன். எழுத்துத் தேர்வில் 80-க்கு மேல் வாங்கிய பையன் ஒருவன், மைதானத்தில் ஆட்டோ லெவல் என்ற உயரம் பார்க்கும் கருவியின் ஒரே திருகைப் பத்து நிமிடம் சுற்றிக்கொண்டிருந்தான். கருவி மட்டமாக நிற்கிறதா என்று காட்டும் குமிழி ஓரத்தை விட்டு அசையவில்லை. இரண்டு திருகுகளைச் சேர்த்து உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ திருப்பி, அப்புறம் மூன்றாவதைத் தொட வேண்டும் என்று தாளில் அழகாக எழுதியிருந்தான். தப்பு அவன்மேல் இல்லை. நான் 'விவரி' என்றேன், விவரித்துவிட்டான்.

கற்றல் இலக்கு எழுத, 1962-லேயே அமெரிக்கக் கல்வியியலாளர் ராபர்ட் மேகர் சொன்ன மூன்று விஷயங்கள் போதும்: மாணவர் என்ன செய்வார், எதை வைத்துக்கொண்டு, எவ்வளவு சரியாக. உங்கள் வரியை இப்படி மாற்றுங்கள்: 'ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் (அளவுகோல்) கொடுத்தால், மாணவர் கால் கிலோமீட்டர் சுற்றித் தொடங்கிய புள்ளிக்கே வந்து, குளோசிங் எரர் (தொடங்கிய புள்ளிக்குத் திரும்பும்போது உயரத்தில் வரும் வித்தியாசம்) 12 மி.மீ.க்குள் இருக்கும்படி லெவல் எடுப்பார்.' அந்த 12 நீங்கள் நடத்தும் சூத்திரத்தில் உள்ளதுதான். சாதாரண லெவலிங்குக்கு 24-ஐ கிலோமீட்டரின் வர்க்கமூலத்தால் பெருக்குகிறோம். கால் கிலோமீட்டருக்கு அதில் பாதி.

கற்றலைப் படிப்படியாகப் பிரித்த ப்ளூம் என்ற கல்வியியலாளரின் வழியில் வந்த வினைச்சொல் பட்டியலைக் கையில் கொடுத்திருப்பார்கள். அதில் மேல்படியில் இருக்கிறது என்பதற்காக 'உருவாக்குவார்', 'மதிப்பிடுவார்' என்று பொறுக்கிப் போடாதீர்கள். இலக்கில் 'மதிப்பிடுவார்' என்று இருந்து, வினாத்தாளில் 'சிறுகுறிப்பு வரைக' என்று இருந்தால் முதல் பார்வையிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பாடத்துக்கு ஐந்தாறு இலக்கு தாராளம். 22 எழுதிய சக ஆசிரியர் ஒருவர் இருந்தார். பாவம், பத்தாவதைக் கேட்டால் கோப்பைத் தேடுவார்.

எழுதி முடித்ததும் ஒரு மாணவனிடம் படிக்கக் கொடுங்கள். "சார், அப்போ ப்ராக்டிகல்ல இதைத்தான் கேப்பீங்களா?" என்று அவன் கேட்டால், தைரியமாக அனுப்பிவிடலாம்.