ஏலகிரில இருந்து ஸ்பெயினுக்கு

கேள்வி: அண்ணா, நான் குடியாத்தம், ரோடு பைக்ல, அதான் ரேஸ் சைக்கிள்ல, ஏலகிரி 14 வளைவும் ஏறுவேன், ஸ்பெயின்ல கிராமத்துப் பக்கம் ஓட்டணும்னு ஆசை, எங்க போலாம்?

பதில்: தம்பி, ஏலகிரி ஏறுற காலுக்கு மயோர்கா தீவுல சா கலோப்ரா ரோடுதான் சரி, 26 வளைவு, கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர், ஒரு எடத்துல ரோடு அப்படியே சுத்தி வந்து தனக்கு அடியிலயே நுழையும், பாத்தா சொக்கிப் போயிருவ. ஆனா மொதல்ல கடல் வரைக்கும் எறங்கி அதே ரோட்லதான் திரும்ப ஏறணும், தண்ணிய மிச்சம் வெச்சிக்கோ.

நிதானமா போகணும்னா தெற்கு ஸ்பெயின்ல ஹாயேன்ங்கற ஊர் பக்கம் ஆலிவ் தோப்பு நடுவுல பழைய ரயில் பாதையையே சைக்கிள் பாதையா மாத்தியிருக்காங்க, 128 கிலோமீட்டர். ஸ்பெயின் ரோட்ல காரு 1.5 மீட்டர் தள்ளித்தான் சைக்கிள முந்தணும்னு சட்டமே இருக்கு, நம்ம பெங்களூர் ஹைவேக்கும் இது வரணும்பா. ஜூலை, ஆகஸ்ட் வேணாம், அங்கயும் கத்திரி வெயிலுதான். ஏப்ரல், மே போ.