முதலில் இருந்து பார்த்தால்தான் புரியுமா?

கேள்வி: அக்கா, வணக்கம். மதுரை ஒத்தக்கடையில் மாவு மில் வைத்திருக்கிறேன். வயது 45. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுக்கு மார்வெல் சூப்பர் ஹீரோ படங்கள் என்றால் உயிர். போன வருஷம் ஆசையாக என்னையும் தியேட்டருக்குக் கூட்டிப் போனாள். யார் யாரோ வந்தார்கள், தியேட்டரே கை தட்டியது, எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. படம் முடிந்து எழுந்தால், "உட்காருப்பா, இன்னும் ஒரு சீன் இருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அந்த சீனும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து, எதையெல்லாம் பார்த்தால் புரியும் என்று கேட்டேன். ஒரு நோட்டில் 31 படம், 6 வெப் சீரிஸ் என்று வரிசை போட்டுக் கொடுத்தாள். ராத்திரி மில்லை மூடிவிட்டு நாலு படம் பார்த்தேன். ஐந்தாவதில் தூங்கிவிட்டேன். இப்போது ஃப்ரெண்ட்ஸோடு போகிறாள், என்னைக் கூப்பிடுவதில்லை. நான் சினிமா பிடிக்காதவன் இல்லை. விக்ரம் படத்தைத் தியேட்டரில் இரண்டு தடவை பார்த்தவன். இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகிற கதைகளுக்குள் புதிதாக ஒரு ஆள் நுழையவே முடியாதா? மீதியையும் பார்த்து முடிக்கவா, விட்டுவிடவா?
- ஒரு அப்பா, ஒத்தக்கடை

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நோட்டை மூடி வையுங்கள். மீதி 27 படத்தையும் நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடவும் வேண்டாம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், விக்ரம் படத்தை இரண்டு தடவை பார்த்ததாக. அந்தப் படமும் ஒன்றோடொன்று கோத்த கதைதான், தம்பி. 2019-ல் வந்த கைதி, 2022-ல் வந்த விக்ரம், 2023-ல் வந்த லியோ மூன்றும் ஒரே உலகத்துக்குள் நடப்பவை. உங்கள் மகளைக் கேட்டால் எல்.சி.யூ., அதாவது லோகேஷ் சினிமாட்டிக் யுனிவர்ஸ் என்று சட்டென்று சொல்லுவாள். விக்ரம் வெளியாவதற்கு முன்னால், கைதியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள் என்று ரசிகர்களை இந்தப் படங்களின் இயக்குநர் லோகேஷ் கனகராஜ் கேட்டுக்கொண்டார். விக்ரமில் வருகிற இன்ஸ்பெக்டர் பெஜாய், கைதியில் வந்தவர். இது போதாதென்று, 1986-ல் கமல்ஹாசன் நடித்த பழைய விக்ரமையும் அந்தப் படம் தொட்டுக்கொள்கிறது.

கைதி பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். பெஜாய் திரையில் வந்தபோது பக்கத்து சீட்டில் விசில் பறந்திருக்கும். உங்களுக்கு அவர் யாரோ ஒரு போலீஸ்காரர். அதனால் உங்களுக்கு என்ன குறைந்துபோனது? மகனைப் பறிகொடுத்த ஒரு அப்பா, கைக்குழந்தையாக ஒரு பேரன், அந்தக் குழந்தைக்குச் சின்னச் சத்தம் கூட ஆகாது. இவ்வளவும் அந்தப் படத்துக்குள்ளேயே இருந்தது. நீங்களும் ஒரு தகப்பன், உள்ளே போக அதுவே போதுமானதாக இருந்தது. பிடித்துப்போய் இரண்டாம் தடவையும் போயிருக்கிறீர்கள்.

ஆகவே உங்களுக்கு வயதாகிவிட்டது, மூளைக்கு எட்டவில்லை என்ற எண்ணமெல்லாம் வேண்டாம். உலகம் பெரிதாக இருப்பதால் மட்டும் புது ஆள் ஓடிப்போவதில்லை. வாசலில் நிற்கவைத்து, "அதைப் படித்தாயா, இதைப் பார்த்தாயா" என்று பரீட்சை வைத்தால் ஓடிப்போவான்.

நீங்கள் மில்லைத் திறக்கும்போது தினமும் பார்க்கிற யானைமலையையே எடுத்துக்கொள்வோம். மதுரையை அழிக்கச் சமணர்கள் வேள்வியில் இருந்து ஒரு யானையை எழுப்பி அனுப்பினார்கள், சொக்கநாதர் வேடனாக வந்து நரசிங்கக் கணை தொடுத்தார், யானை மலையாகப் படுத்துவிட்டது என்று உங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளை கூடச் சொல்லும். அது பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடல் புராணத்தின் 64 விளையாடல்களில் ஒன்று. நாகமலைக்கு ஒரு படலம் இருக்கிறது, பசுமலைக்கு ஒரு படலம் இருக்கிறது. பிட்டுக்கு மண் சுமந்தது, கல் யானை கரும்பு தின்றது என்று ஒரே ஊர், ஒரே சாமி, பாண்டியர்கள் மட்டும் தலைமுறை தலைமுறையாக மாறி மாறி வருவார்கள். இவ்வளவு பெரிய கதை உலகத்தில், மற்ற 63-ஐயும் முடித்துவிட்டு வந்தால்தான் யானைமலைக் கதையைச் சொல்லுவேன் என்று எந்தப் பாட்டியாவது சொல்லியிருக்கிறாரா? ஒவ்வொரு படலமும் தனக்குள்ளேயே தொடங்கி முடிகிறது. ஒன்று பிடித்துப்போனால் பிள்ளை தானாகவே, "அப்ப நாகமலை எப்படி வந்துச்சு?" என்று கேட்கும்.

மார்வெல்காரர்களும் ஆரம்பத்தில் இப்படித்தான் செய்தார்கள். 2008-ல் அயர்ன் மேன் வந்தபோது அதைப் பார்க்க முன்படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. 2014-ல் பேசுகிற ரக்கூனையும் நடக்கிற மரத்தையும் வைத்து கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி எடுத்தார்கள். காமிக்ஸ் படிக்காத யாருக்கும் அந்தப் பெயர்களே தெரியாது. ஆனாலும் கூட்டம் வந்தது, அந்த ஒரு படத்தைப் பார்த்தாலே அதன் நாயகர்கள் ஐந்து பேரையும் தெரிந்துகொள்ளலாம் என்பதால். 2019-ல் வந்த அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம், மார்வெல் வரிசையில் 22-வது படம். அதைத் தனியாகப் பார்த்தால் பாதிக்கு மேல் விளங்காது, அப்படியிருந்தும் உலகம் முழுக்க வசூலை அள்ளியது. கூடவே நடந்து வந்தவர்களுக்கு அது 11 வருஷத்துத் தொடர்கதையின் கடைசி அத்தியாயம். வருஷத்துக்கு இரண்டு படம் என்று அவர்கள் ஏறிய படியை உங்கள் மகள் உங்களை ஒரே மாதத்தில் ஏறச் சொல்கிறாள். அவளுக்கு அது கணக்கில் வரவில்லை, பாவம். அவள் வளர்ந்ததே அந்தப் படங்களோடுதான்.

2021-ல் இருந்து ஓடிடி தொடர்களும் சேர்ந்துகொண்டன. என் பார்வையில் தப்பு அங்கேதான் நடந்தது. 2023 நவம்பரில் தி மார்வெல்ஸ் என்று ஒரு படம் வந்தது. அதில் மூன்று நாயகிகள். முதல் பெண்ணின் கதை 2019-ல் வந்த ஒரு படத்தில் இருக்கிறது. இரண்டாவது பெண்ணுக்குச் சக்தி வந்தது 2021-ன் ஒரு தொடரில். மூன்றாவது பெண்ணுக்கு 2022-ல் தனியாக ஒரு தொடர். டிக்கெட் வாங்கும்போதே இரண்டு சீரிஸ் கடன் சேர்ந்துவிடுகிற மாதிரி. அந்தப் படம் மார்வெல் வரிசையிலேயே மிகக் குறைவாக வசூலித்தது. இது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வேலை முடிந்து களைப்போடு தியேட்டருக்கு வருகிற மனுஷனுக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

காமிக்ஸ் புத்தகம் போடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் ரொம்ப நாளாகவே தெரியும். 1962-ல் பிறந்த ஸ்பைடர் மேனுக்கு ஏறக்குறைய நாற்பது வருஷக் கதை சேர்ந்துவிட்டது என்பதால், 2000-ல் பழைய வரிசை ஒரு பக்கம் ஓட ஓட, பள்ளிக்கூடப் பையனாக முதலில் இருந்து இன்னொரு வரிசையைத் தொடங்கினார்கள். சூப்பர்மேன், பேட்மேன் புத்தகங்களைப் போடுகிற டி.சி. நிறுவனம் 2011-ல் 52 இதழ்களை ஒட்டுமொத்தமாக ஒன்றாம் எண்ணில் இருந்து ஆரம்பித்தது. புது வாசகருக்கு வாசல் வேண்டும் என்று அவர்களே உணர்ந்து செய்த வேலை இது. நம் பக்கத்து சிவகாசியில் இருந்து வருகிற லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் கதை படித்திருக்கிறீர்களா? 1948-ல் இத்தாலியில் பிறந்த கௌபாய். கையில் கிடைக்கிற எந்தக் கதையை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், நண்பர்கள் யார் எதிரிகள் யார் என்று சில பக்கங்களில் பிடிபட்டுவிடும்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு அம்மை போட்டிருந்தது. சிம்மக்கல்லில் அத்தை வீட்டு மாடியில் வேப்பிலை நடுவே படுத்துக் கிடந்தேன். வாசலுக்குக் கூட விடமாட்டார்கள். அத்தை ஒரு வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்து போட்டார். அதில் ஒரு தொடர்கதை, ஏறக்குறைய முப்பதாவது அத்தியாயம். மேலே கட்டம் கட்டி, 'முன்கதைச் சுருக்கம்' என்று எட்டு வரி. அந்த எட்டு வரியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவள்தான், அடுத்த வாரம் பத்திரிகை எப்போது வரும் என்று கேட்டுக் கேட்டு அத்தையை ஒரு வழி பண்ணிவிட்டேன். முதல் 29 அத்தியாயங்களை இரண்டு வருஷம் கழித்து, ஒரு பக்கத்து வீட்டு அம்மா பைண்டிங் செய்து வைத்திருந்த புத்தகத்தில்தான் படித்தேன். பின்னால் நடக்கப்போவது தெரிந்திருந்தும் ருசி குறையவில்லை. அந்த எட்டு வரியை எழுதிய உதவி ஆசிரியரின் பெயர் எங்குமே அச்சாகியிருக்காது. முன்பின் தெரியாத ஒரு பிள்ளை நடுவில் வந்து நிற்கும் என்று யோசித்து, அந்தப் பிள்ளைக்காக வாரா வாரம் அவர் எழுதியிருக்கிறார். அவரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

தம்பி, உங்கள் மகளிடம் நீங்கள் கேட்க வேண்டியது அந்த எட்டு வரியைத்தான். அடுத்த படத்துக்கு, "நானும் வரேன்டா பாப்பா, போற வழியில முன்கதை சொல்லிட்டு வா" என்று கேளுங்கள். ஒத்தக்கடையில் இருந்து ஊருக்குள் வர வண்டியில் இருபது நிமிஷமாவது ஆகும். அவள் சொல்லுகிற முன்கதை அந்த 27 படத்தையும் விட உங்களுக்கு நன்றாகப் புரியும், ஏனென்றால் எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று அவளே பிரித்துச் சொல்லிவிடுவாள். படத்தின் நடுவில் மட்டும், "இவன் யாரு, அவன் யாரு" என்று தோளைத் தட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலருக்கும் எரிச்சல் வருவது அங்கேதான். மனதில் குறித்து வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது பரோட்டாக் கடையில் உட்கார்ந்து கேளுங்கள்.

இதைப் படிக்கிற தீவிர ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக வருகிறவரைப் பார்த்து, "இது கூடத் தெரியாதா" என்று சிரிக்காதீர்கள். ஒரு கதையின் மேல் உள்ள ஆசையை அதை விட வேகமாகக் கொல்ல வேறொன்றும் கிடையாது. சித்திரைத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். அழகர் தங்கை கல்யாணத்துக்கு வருகிறார், வைகைக்கு வந்து சேருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது, கோபித்துக்கொண்டு வண்டியூர் போய்விட்டார் என்று ஊர்ச்சனம் சொல்கிறது. மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க வருகிறார் என்று கோயில் வரலாறு சொல்கிறது. மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுப்பதோ திருப்பரங்குன்றத்தில் இருந்து வருகிற பவளக்கனிவாய்ப் பெருமாள். வேறு வேறு மாதத்தில் நடந்த இரண்டு விழாக்களை ஒன்றாகச் சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். கணக்குப் பார்த்தால் ஒன்றுக்கொன்று இடிக்கத்தான் செய்யும். ஆற்றில் நிற்கிற லட்சக்கணக்கான பேரில் எவராவது அதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்களா? தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவருக்கு ஒரு கதை தெரியும், திரி ஏந்தி ஆடுகிறவருக்கு ஒரு கதை தெரியும், வெளியூரில் இருந்து முதல் தடவையாக வந்தவருக்கு ஒன்றுமே தெரியாது. அவரையும் பக்கத்தில் இருக்கிறவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்து விடுகிறார், குதிரை நன்றாகத் தெரியட்டும் என்று.

சரி, அந்த நோட்டு. எத்தனை பக்கம் எழுதினாள் என்று நீங்கள் சொல்லவில்லை. 31 படத்தையும் 6 சீரிஸையும் வரிசை மாறாமல் எழுத அவளுக்கு ஒரு சாயங்காலமாவது ஆகியிருக்கும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அப்பாவுக்காக அதைச் செய்திருக்கிறாள். நீங்கள் ஐந்தாவதில் தூங்கிப்போனதும், அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை, தொல்லை பண்ண வேண்டாம் என்று ஒதுங்கியிருப்பாள். கூப்பிடாததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவளிடமே கொடுத்து, "இதுல ஒண்ணே ஒண்ணுதான் அப்பா பார்க்க முடியும்னா எதைப் பார்க்கச் சொல்லுவே?" என்று கேளுங்கள். நன்றாக யோசிப்பாள், அந்த யோசனைக்கு நேரம் கொடுங்கள். அவள் காட்டுகிற படம் வரிசையில் எட்டாவதோ பதினேழாவதோ, எதுவாக இருந்தாலும் அதை மட்டும் அவளோடு உட்கார்ந்து பாருங்கள். அவள் இல்லாதபோது தனியாக ராத்திரியில் உட்கார்ந்து முடிக்கிற வேலை வேண்டாம்.

அதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை மில்லை மூடிவிட்டுக் கைதியைப் போடுங்கள். ஒரே ராத்திரியில் நடக்கிற கதை. ஜெயிலில் இருந்து வெளியே வந்து, இதுவரை முகம் பார்த்திராத மகளைத் தேடிப் போகிற ஒரு அப்பா. பாப்பா ஏற்கெனவே பார்த்திருப்பாள், இருந்தாலும் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள். பெஜாய் வருகிற இடத்தில், "இவரு விக்ரம்ல வந்தவர்தானே!" என்று நீங்களே அவளுக்குச் சொல்லலாம்.

அன்புடன்,
அக்கா